வெட்டுண்ட காது



அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு நடந்தது என்ற செய்தியை அடிக்கடி கேள்விப்படுகிறோம். இறந்தவர்களுக்காகச் செபிக்கிறோம். ஆனால், அந்தச் செய்தியைத் தொடர்ந்து அந்நாட்டு வானொலிகளில் என்ன நடக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் துப்பாக்கி பற்றித் தம் கருத்தைச் சொல்கிறார். 'கட்டுப்பாடு வேண்டும்' என்று சொன்னாலும் சரி, 'துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்களின் உரிமை' என்று சொன்னாலும் சரி, சில நிமிடங்களில் நிலையத்தின் தொலைபேசிகள் ஓயாமல் ஒலிக்கத் தொடங்குகின்றன. அழைப்பவர்களில் பலர் கொதித்துப்போய் இருக்கிறார்கள். 'இவர் சொல்வது தவறு' என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்வதில்லை. 'இவரை வேலையிலிருந்து நீக்குங்கள்', 'இவர் நாட்டுக்கே எதிரி' என்ற அளவுக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது? இது யார்மீது போய் விழுகிறது? நம் விசுவாசம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? இவற்றைச் சற்று விளக்கமாகச் சிந்திப்போம்.

கோபத்தை வளர்க்கும் மேடை

அமெரிக்க வானொலியில் நேயர்களோடு விவாதிக்கும் நிகழ்ச்சிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. பொதுப் பிரச்சினை ஒன்றைப்பற்றிப் பேசும் நிலையம் எதிர்த்தரப்பின் கருத்துக்கும் நியாயமான இடம் தரவேண்டும் என்ற விதி 1949-ஆம் ஆண்டு முதல் அங்கே நடைமுறையில் இருந்தது. 1987-இல் அந்த விதி கைவிடப்பட்டது. மறு ஆண்டே ரஷ் லிம்போ என்பவரின் நிகழ்ச்சி நாடு முழுவதும் ஒலிபரப்பாகத் தொடங்கியது. அவர் வெற்றி பெறவே, அதே பாணியில் நூற்றுக்கணக்கான நிலையங்கள் இறங்கின. ஒரே தரப்பின் குரலை நாள் முழுவதும் கேட்க முடிகிற காலம் பிறந்தது.

இத்தகைய நிகழ்ச்சியில் அழைப்பவர் எல்லாரும் நேராகத் தொகுப்பாளரிடம் பேசிவிட முடியாது. முதலில் ஓர் உதவியாளர், 'நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்?' என்று கேட்டுத் தேர்ந்தெடுப்பார். சுவையாகச் சண்டையிடக் கூடியவருக்கு வாய்ப்பு எளிதில் கிடைக்கும். நிதானமாக, 'இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது' என்று சொல்பவர் காத்திருக்க நேரிடலாம். நிலையத்தின் வருமானம் விளம்பரத்திலிருந்து வருகிறது. விளம்பர இடைவேளை முடியும்வரை நேயர் வேறு நிலையத்துக்கு மாறாமல் இருக்கவேண்டும். கோபம் கொண்ட மனிதர் எளிதில் எழுந்து போவதில்லை. ஆக, நேயரின் கோபத்தால் நிலையத்துக்கு இலாபம் உண்டு. இதை அறிந்துகொள்வது நமக்கு நல்லது.

இரண்டு பக்கமும் ஒரே அச்சம்

துப்பாக்கி என்ற பொருள் மட்டும் ஏன் இவ்வளவு கொதிப்பை உண்டாக்குகிறது? 1791-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. இது தனிமனிதரின் உரிமையே என்று 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அந்த உரிமைக்கு வரம்பே இல்லை என்று பொருள் கொள்ளலாகாது என்றும் அதே தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

அமெரிக்கர்களில் பத்துப்பேருக்கு ஏறத்தாழ நான்குபேர் துப்பாக்கி உள்ள வீட்டில் வாழ்கிறார்கள். கிராமப்புறத்தில் வாழும் ஒரு விவசாயிக்குக் காவல் நிலையம் வெகு தொலைவில் இருக்கிறது. தந்தையிடமிருந்து பெற்ற வேட்டைத் துப்பாக்கி அவருக்கு ஒரு குடும்ப நினைவு. 'துப்பாக்கியைக் கட்டுப்படுத்துங்கள்' என்று வானொலியில் ஒருவர் சொன்னால், 'என் பிள்ளைகளை நான் எப்படிப் பாதுகாப்பேன்?' என்ற அச்சம் அவருக்குள் எழுகிறது.

மறுபக்கம், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு மாலைவரை கலங்கும் தாய் இருக்கிறார். 2021-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள் என்பது வேதனையான உண்மை. 'துப்பாக்கி எங்கள் உரிமை' என்று வானொலியில் ஒருவர் முழங்கும்போது, 'என் பிள்ளையை யார் பாதுகாப்பார்?' என்ற அதே அச்சம் இந்தத் தாயையும் பற்றிக்கொள்கிறது.

இரு தரப்பும் கேட்கும் கேள்வி ஒன்றே. ஆனால் அந்தக் கேள்வி கோபத்தின் கீழே புதைந்துவிடுவதால், ஒருவர் அழுகை மற்றவர் காதில் விழுவதில்லை.

கோபம் விழுந்த இடம்

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் நகரில், சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவ்வூரிலுள்ள லீமா நகர்ப் புனித ரோஸ் ஆலயத்தில் பல குழந்தைகளின் அடக்கத் திருப்பலிகள் நடந்தன. அந்தத் துயரத்தின் நடுவே, டிசம்பர் 16 ஞாயிறன்று, தொலைபேசியில் வந்த ஒரு மிரட்டலால் அதே ஆலயத்திலிருந்து மக்களை அவசரமாக வெளியேற்ற வேண்டியதாயிற்று.

அப்போது சி.என்.என். தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த பியர்ஸ் மோர்கன் என்ற ஆங்கிலேயர், கடுமையான துப்பாக்கிச் சட்டங்கள் வேண்டும் என்று வலியுறுத்தினார். இதற்கு எதிராக, டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரிலிருந்து வானொலி நிகழ்ச்சி நடத்திய அலெக்ஸ் ஜோன்ஸ் தரப்பினர், மோர்கனை நாடு கடத்தவேண்டும் என்று வெள்ளை மாளிகைக்கு ஒரு மனுவைத் தொடங்கினார்கள். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் ஒப்பமிட்டார்கள். 2013 ஜனவரி 7 அன்று இருவரும் நேருக்கு நேர் தொலைக்காட்சியில் சந்தித்தபோது, துப்பாக்கிகளைப் பறிக்க முயன்றால் 1776-இன் புரட்சி மீண்டும் வரும் என்று ஜோன்ஸ் உரக்க முழங்கினார். உரையாடல் என்று சொல்லத்தக்கது அங்கே எதுவும் நிகழவில்லை. துப்பாக்கி உரிமைக்காக வாதிடும்போது பேச்சுரிமையை மறந்துவிடலாகாது என்பதே மனுவுக்கு வெள்ளை மாளிகை அளித்த பதிலின் சாரம்.

கோபம் எதிர்த்தரப்பின்மீது மட்டும் பாயும் என்று எண்ண வேண்டாம். அதே 2013-இல், துப்பாக்கி ஆர்வலர்களுக்கான ஓர் அமெரிக்க இதழில் பல ஆண்டுகள் எழுதிவந்த டிக் மெட்காஃப், எல்லா உரிமைகளுக்கும் ஓரளவு ஒழுங்குமுறை உண்டு என்று எழுதினார். மறைத்து எடுத்துச்செல்லும் துப்பாக்கிக்கு உரிமம் பெற 16 மணி நேரப் பயிற்சி கேட்பது உரிமை மீறல் ஆகாது என்பதே அவர் சொன்ன கருத்து. வாசகர்களின் சீற்றம் பொங்கியது. அவர் தம் பத்தியை இழந்தார். அவரும் துப்பாக்கி வைத்திருப்பவரே, அந்த உரிமையை ஆதரிப்பவரே. ஆனால் கோபத்துக்கு அதைக் கேட்கப் பொறுமை இருக்கவில்லை.

இவற்றையெல்லாம் விடக் கொடியது ஒன்றும் நடந்தது. சாண்டி ஹுக் படுகொலையே ஒரு நாடகம், துப்பாக்கிகளைப் பறிப்பதற்காக அரங்கேற்றப்பட்டது என்று ஜோன்ஸ் தம் நிகழ்ச்சியில் திரும்பத் திரும்பப் பேசினார். அதை நம்பியவர்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரை 'நடிகர்கள்' என்று ஏசினார்கள்; மிரட்டினார்கள். பெற்றோர் சிலர் வீடு மாறி வாழவேண்டிய நிலை வந்தது. 2022-இல் நீதிமன்றத்தில், அந்தப் படுகொலை உண்மையாகவே நடந்தது என்று ஜோன்ஸ் ஒத்துக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் கனெக்டிகட் நடுவர் குழு, அவர் 96 கோடியே 50 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் அந்த ஆண்டுகளில் பெற்றோர் அனுபவித்ததை எந்தத் தொகை ஈடுசெய்யும்? அரசின்மீது தொடங்கிய கோபம், கடைசியில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளை அடக்கம் செய்த தாய் தந்தையர்மீது வந்து விழுந்தது.

திருச்சபை கற்பிப்பது என்ன?

துப்பாக்கி விவாதத்தில் திருச்சபை வாய்மூடி இருக்கவில்லை. கொலை செய்யாதே என்னும் ஐந்தாம் கட்டளையை விளக்கும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையை ஏற்கிறது. பிறருடைய உயிருக்குப் பொறுப்பானவர்களுக்கு அது கடமையாகவும் ஆகலாம் என்கிறது (எண்கள் 2263-2265). அதே மறைக்கல்வி, ஆயுதங்களின் உற்பத்தியும் விற்பனையும் பொதுநலனைப் பாதிப்பதால் அவற்றை ஒழுங்குபடுத்தும் உரிமையும் கடமையும் அரசுகளுக்கு உண்டு என்றும் கற்பிக்கிறது (எண் 2316). அமெரிக்க ஆயர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், துப்பாக்கி விற்பனையையும் பயன்பாட்டையும் கட்டுப்படுத்தும் முயற்சிகளை ஆதரித்தார்கள்.

எனவே மனித உயிர் புனிதமானது, அதைக் காப்பது நம் கடமை என்பதில் கத்தோலிக்கருக்குள் இரு கருத்து இருக்க முடியாது. எந்தச் சட்டம் அந்த உயிரை நன்கு காக்கும் என்பதில் நல்லெண்ணம் கொண்ட இருவர் வேறுபடலாம். வேறுபடுகிறவரை உயிருக்கு எதிரி என்றோ நாட்டுக்குத் துரோகி என்றோ முத்திரை குத்துவதற்கு நமக்கு அனுமதி இல்லை.

இயேசு இந்தக் கட்டளையை விளக்கியபோது, கொலையைப்பற்றிச் சொன்ன கையோடு சகோதரர்மீது கொள்ளும் சினத்தைப்பற்றியும் இழிசொல்லைப்பற்றியும் பேசினார் (மத் 5:21-22). தோட்டாவுக்கும் சொல்லுக்கும் இடையே நாம் காணும் தூரம் அவர் பார்வையில் அவ்வளவு பெரிதல்ல. அதற்காக எல்லாக் கோபமும் பாவம் என்று பொருளில்லை. அறிவுக்குக் கட்டுப்பட்டு, தீமையைத் திருத்துவதற்காக எழும் சினம் பாவமாகாது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். பிள்ளைகள் கொல்லப்படுவதைக் கண்டு சினம் கொள்ளாதிருப்பதே தவறு. அந்தச் சினம் யாரைக் குணப்படுத்துகிறது, யாரைக் காயப்படுத்துகிறது என்பதே கேள்வி.

கெத்சமனியில் நடந்தது

துப்பாக்கி உரிமையை ஆதரிக்கும் கிறிஸ்தவர்கள், இராவுணவின்போது சீடர்கள் இரண்டு வாள்களைக் காட்டிய பகுதியை எடுத்துக்காட்டுவதுண்டு (லூக் 22:36-38). அதே இரவில், சில மணி நேரத்துக்குப்பின் நடந்ததையும் சேர்த்து வாசிப்போம் (லூக் 22:49-51). ஆண்டவரைப் பிடிக்க ஆட்கள் வந்தபோது, வாளால் வெட்டலாமா என்று சீடர்கள் அவரிடம் கேட்கிறார்கள். கேட்டது சரிதான். ஆனால், அவர் பதில் சொல்வதற்குள் ஒருவர் வெட்டிவிடுகிறார். அவர் பேதுரு என்றும், வெட்டுண்டது மால்கு என்ற பணியாளரின் வலக்காது என்றும் யோவான் நற்செய்தி கூறுகிறது (யோவா 18:10).

கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வெட்டுவது, வானொலி நிலையத்தின் தொலைபேசியில் நாள்தோறும் நடப்பதுதான். அங்கேயும் முதலில் அறுந்து விழுவது காது. வெட்டப்பட்டவர் அதன்பின் நம்மைக் கேட்கப்போவதில்லை. வெட்டியவருக்கோ கேட்கும் எண்ணமே போய்விடுகிறது. அன்றிரவு இயேசு செய்த கடைசிக் குணப்படுத்தல், தம்மைப் பிடிக்க வந்த கூட்டத்தில் ஒருவருடைய காதைத் தொட்டு நலமாக்கியதே. தம் சீடர் செய்த காயத்தை அவரே ஆற்றினார்.

நாம் செய்யக் கூடியது

2025 ஆகஸ்டு 27 அன்று மினியாபொலிஸ் நகரில், அன்னன்சியேஷன் கத்தோலிக்க ஆலயத்தில் பள்ளிப் பிள்ளைகள் திருப்பலியில் பங்கேற்றுக்கொண்டிருந்தபோது, வெளியிலிருந்து சன்னல் வழியாகச் சுட்டதில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். வெறும் செபம் போதாது, பிள்ளைகள் செபித்துக்கொண்டிருக்கும்போதே கொல்லப்பட்டார்கள் என்று அந்நகர மேயர் வேதனையோடு சொன்னார். உடனே, அவர் செபத்தை இகழ்ந்தார் என்று ஒரு சாரார் கொதித்தார்கள். மறுசாரார் செபத்தைப்பற்றிப் பேசுகிறவர்களையே ஏளனம் செய்தார்கள். குழந்தைகளின் உடல் அடக்கம் செய்யப்படுவதற்கு முன்பே செபமும் சண்டைப் பொருளாயிற்று. செபிப்பவர் செயல்படக் கூடாது என்றோ, செயல்படுபவர் செபிக்கக் கூடாது என்றோ நம் விசுவாசம் ஒருநாளும் சொன்னதில்லை.

இத்தகைய வேளையில் நமக்கு உதவும் எளிய நெறி ஒன்றைப் புனித லொயோலா இஞ்ஞாசியார் தந்திருக்கிறார். மறைக்கல்வியும் அதை எடுத்தாள்கிறது (எண் 2478). பிறர் சொன்னதை முடிந்தவரை நல்ல பொருளில் எடுத்துக்கொள்ள முயல வேண்டும். அது முடியாவிட்டால், 'நீங்கள் எந்தப் பொருளில் சொன்னீர்கள்?' என்று அவரிடமே கேட்கவேண்டும். அவர் எண்ணம் தவறு என்று தெரிந்தால், அன்போடு திருத்தவேண்டும்.

நம் வீடுகளில் துப்பாக்கி இல்லாமலிருக்கலாம், கோபம் இருக்கிறது. மறையுரையில் பங்குத்தந்தை சொன்ன ஒரு வாக்கியம், பங்குப்பேரவையில் ஒருவர் கூறிய மாற்றுக் கருத்து, கைப்பேசியில் வந்த ஒரு குரல்பதிவு ஆகியவை போதும், நம் உள்ளம் கொதிக்க. அப்போது அந்தப் பேச்சை முழுவதும் கேட்டோமா என்று நம்மையே கேட்போம். பேசியவர் எதற்கு அஞ்சுகிறார் என்று எண்ணிப் பார்ப்போம். நம் மறுமொழி ஏற்கெனவே துயருறும் யாரையாவது காயப்படுத்துமா என்று நிதானிப்போம். கேட்பதில் விரைவும், பேசுவதிலும் சினம் கொள்வதிலும் தாமதமும் வேண்டும் என்று திருத்தூதர் யாக்கோபு நமக்கு அறிவுறுத்துகிறார் (யாக் 1:19).

துப்பாக்கியால் பிள்ளைகளை இழந்த பெற்றோருக்காகவும், அச்சத்தால் ஆயுதத்தைப் பற்றிக்கொண்டிருப்பவர்களுக்காகவும், ஒலிவாங்கியின் முன் அமர்ந்து மக்களின் உள்ளங்களைக் கையில் வைத்திருப்பவர்களுக்காகவும் இந்த வாரத் திருப்பலியில் செபிப்போம். மால்குவின் காதைத் தொட்ட ஆண்டவர் நம் காதுகளையும் தொட்டு நலமாக்குவாராக!