நாட்டின் கடன்: இரண்டு கணக்கு எப்படி வந்தது?

2018 மே மாதம், பினாங்கின் முன்னாள் முதலமைச்சர் லிம் குவான் எங் நிதியமைச்சரானதும் சொன்ன கணக்கு பலரைத் திடுக்கிட வைத்தது. கடன் 68,680 கோடி ரிங்கிட் அல்ல, 1 லட்சம் கோடிக்கும் மேல் என்றார்.

இரண்டுமே பொய்யில்லை. முதலாவது, அரசாங்கம் நேரடியாக வாங்கிய கடன். இரண்டாவதில், பிற நிறுவனங்களின் கடனுக்குக் கொடுத்த உத்தரவாதம் 19,910 கோடி, தனியாருடன் செய்த திட்டங்களுக்கான குத்தகைப் பணம் 20,140 கோடி ஆகியவையும் சேரும். உறவினருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இது புரியும். 1எம்டிபி கடன் நம் தலையில் விழுந்ததும் அப்படித்தான்.

அதனால்தான் 2023-இல் நிறைவேறிய நிதிப் பொறுப்புச் சட்டம், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கடனுக்கு 60 விழுக்காடு என்பதோடு உத்தரவாதத்துக்கும் 25 விழுக்காடு என வரம்பு வைத்தது. பற்றாக்குறைக்கு 3. அது 2022-இல் 5-க்கு மேல் இருந்து, 2024-இல் 4.1 ஆனது. தீபகற்பத்தில் டீசல் விலை 2.15-லிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியதும் அதே ஆண்டில்தான். கடனோ 2024 இறுதியிலும் 64 விழுக்காட்டைத் தாண்டியே நின்றது.

பினாங்கு எல்ஆர்டி திட்டத்தை மத்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்டுள்ளது. அந்தச் செலவு நேரடிக் கடனா, உத்தரவாதமா என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கலாமே.