மூச்சு முட்டாத வேகம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. 16 கிலோமீட்டர் ஓடி முடித்துவிட்டு, பெசன்ட் நகரில் டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு முகம் வெளுத்திருந்தது. முதல் பாதியில் எங்களை விட்டு முன்னால் பறந்தவர், கடைசி மூன்று கிலோமீட்டரை நடந்தே வந்தார். டீ கைக்கு வந்ததும் கேட்டார்: "நீங்கல்லாம் கதை பேசிக்கிட்டே ஓடுறீங்கண்ணா. இது எப்படிப் பயிற்சியாகும்?"

"பேச முடியுதுங்கறதுதான் தம்பி கணக்கு," என்று ஆரம்பித்தேன்.

அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சுள்ளி சட்டென்று பற்றும், சீக்கிரம் தீரும். கட்டை மெதுவாகத்தான் பிடிக்கும், ஆனால் நெடுநேரம் எரியும். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து நம் சுள்ளி. மொத்தமே சுமார் அரைக் கிலோ. ஏறத்தாழ 2,000 கலோரி. ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் சுமந்து ஓட ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் மாரத்தானின் 42.195 கிலோமீட்டரை ஓட 2,500 கலோரி வேண்டும். இருப்பைவிடச் செலவு அதிகம். 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் பலருக்குக் கால் கல்லாகிப் போவது இதனால்தான்.

கட்டை என்பது கொழுப்பு. ஒல்லியான ஆளிடமும் பல்லாயிரம் கலோரிக்கு இருக்கும். ஆனால் அது எரிய ஆக்சிஜன் தாராளமாக வேண்டும். வேகம் கூடக்கூட உடம்பு சுள்ளியைத்தான் அள்ளிப் போடும். மாதக்கணக்கில் நிதானமாக ஓடினால் தசைக்குள் தந்துகிகள் பெருகும், மைட்டோகாண்ட்ரியா கூடும். கொஞ்சம் வேகமாகப் போகும்போதும் கட்டை எரியப் பழகும். முழு வாக்கியம் பேச முடிகிறது என்றால் கட்டை எரியும் எல்லைக்குள் இருக்கிறோம் என்று பொருள். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் தாண்டிவிட்டோம். கையில் கட்டிய கடிகாரத்தைவிடப் பக்கத்தில் ஓடும் நண்பரை நான் நம்புவது இதற்காகத்தான்.

"அப்போ எனக்கு இன்னிக்கு சுள்ளி தீர்ந்துடுச்சா?"

இல்லை, 16 கிலோமீட்டருக்கு அது தீராது. அவரை வீழ்த்தியது சென்னைப் புழுக்கம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் அது சொட்டி வீணாகிறது. சூட்டை வெளியேற்ற இதயம் ரத்தத்தைத் தோலுக்கும் அனுப்பியாக வேண்டும். அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். மே மாதத்தில், ஜனவரியில் ஓடிய வேகத்தை எட்டிப் பிடிக்க நினைப்பது வீண் பிடிவாதம்.

மூச்சு முட்டாத வேகத்தின் பலனை ஆய்வுக்கூடம் இல்லாமலே கண்டவர் நியூசிலாந்தின் ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தன் உடம்பையே சோதனைக்கு வைத்து, வாரம் 160 கிலோமீட்டர் என்ற அளவுக்கு வந்தார். ஆக்லாந்தில் தன் வட்டாரத்துப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, ஞாயிறுதோறும் வையடாருவா மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓடினார். ஆமை வேகமல்ல, மூச்சு கெடாத வேகம். 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லுக்கும் அதே பாதைதான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், கூட்டாளி மர்ரி ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். பிறகு லிடியார்ட் நடுவயதுக்காரர்களையும் இதய நோயிலிருந்து மீண்டவர்களையும் கூட்டமாக மெல்லோட்டம் ஓட வைத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை அந்தத் தங்கங்களைவிட இதற்காகத்தான் அதிகம்.

தம்பியின் கனவு ஓட்டத்தோடு நிற்கவில்லை, ஒலிம்பிக் தூர டிரையத்லான்: 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். நீரில் பேச முடியாது. மூச்சு விடும் தாளம் கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் மரத்தது போலிருக்கும். மிதித்த தசைகள் ஓட்டத்துக்கு மாற நேரம் கேட்கும். அதனால் வாரம் ஒருமுறை சைக்கிள் முடிந்த கையோடு பத்து நிமிடமாவது ஓடிப் பழகச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு தம்பி எங்கள் நடுவில் ஓடினார். அக்கா கல்யாணத்தில் பந்தியில் சாப்பாடு குறைந்து போன கதையை எடுத்தார். ஒன்பதாவது கிலோமீட்டரில், சாம்பார் தீர்ந்த இடத்தில், வாக்கியம் பாதியில் அறுந்தது. நாலு பேரும் வேகத்தைக் குறைத்தோம்.