கிளையில்லா வங்கி

கைப்பேசியில் மட்டும் இயங்கும் வங்கி வளர வளர, வாடிக்கையாளர் மனம் கசப்பதேன்?

இங்கிலாந்தில் 2015-இல் தோன்றிய மான்ஸோவைப் பாருங்கள். கிளையில்லை, கட்டட வாடகையில்லை. வெளிநாட்டிலும் கட்டணமின்றிப் பணமெடுக்கலாம் என்றது. செலவு பெருகவே, 2017-இல் அதற்கு வரம்பிட்டது. 2018-இல் சுமார் 6 இலட்சமாயிருந்த வாடிக்கையாளர் தொகை 2022-இல் 58 இலட்சத்தைத் தாண்டியது. ஆளை ஆராயும் ஏற்பாடோ அவ்வேகத்தில் வளரவில்லை. புகழ்பெற்ற கட்டடங்களைத் தம் முகவரியாகத் தந்தவர்களுக்கும் கணக்குக் கிடைத்தது. 2025-இல் அந்நாட்டு நிதி ஒழுங்குமுறை ஆணையம் 2 கோடியே 10 இலட்சம் பவுன் அபராதம் விதித்தது.

சேர்க்கும்போது ஆராயாததைப் பின்னர் ஆராய்ந்தால் நேர்மையானவரும் அகப்படுவர். ஐயமெழுந்தால் கணக்கு முடங்கும். காரணம் கூறப் பலவேளை சட்டம் இடந்தராது. நேரில் முறையிட மேலாளரும் இல்லை.

ஆகவே, விடுதிக் கட்டணம் முழுவதையும் இத்தகைய ஒரே கணக்கில் வைக்காதீர்கள் என்பேன். முகம் பார்த்துக் கேட்கக்கூடிய கிளையொன்றிலும் கொஞ்சம் இருக்கட்டும்.