தடிமன்தானே என்று விடலாமா?

விடிய நாலு மணிக்கே அவள் எழும்பி விடுகிறாள். தலையிடி, மூக்கடைப்பு, உடம்பெல்லாம் நோ. இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு அடுப்பை மூட்டுகிறாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஏழு மணிக்கு வேலையில் நிற்க வேண்டும். "தடிமன்தானே, தானாகப் போய்விடும்" என்கிறாள்.

இவளை நாம் எல்லோரும் அறிவோம். கணவனை இழந்தோ, காணாமற்போனவரைத் தேடிக்கொண்டோ குடும்பத்தைத் தனியே சுமப்பவள். ஒருநாள் படுத்தால் ஒருநாள் கூலி இல்லை.

நோய் வந்தால் படுக்க வேண்டும் என்பதையே நம்மில் பலர் மறந்துவிட்டோம். இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் காய்ச்சலுடனும் நடந்தோம். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். அப்போது படுக்க வழியில்லை. அந்தப் பழக்கம் இன்றும் நம்மை விடவில்லை. ஓய்வெடுத்தால் குற்றம் செய்தது போல மனம் குறுகுறுக்கிறது.

ஆனால் சகோதரிகளே, குடும்பத்தின் ஒரே தூண் நீங்கள் என்றால் அந்தத் தூணைப் பேணுவது சுயநலம் ஆகாது.

எந்த நாளில் லீவு எடுப்பது?

தடிமன் வைரசுக் கிருமிகளால் வருகிறது. தும்மல், இருமல், சளி பட்ட கை ஆகியவற்றால் பரவுகிறது. முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் உடம்பு அதிகம் சோரும். மற்றவருக்குத் தொற்றுவதும் அப்போதுதான் அதிகம். எனவே ஒருநாள்தான் நிற்க முடியுமென்றால் தொடக்கத்திலேயே நில்லுங்கள். நெருக்கமாக இருந்து தைக்கும் இடத்தில் ஒருத்தியின் தடிமன் பத்துப் பேரின் சம்பளத்தைப் பாதிக்கலாம்.

கடையிலோ அலுவலகத்திலோ வேலை செய்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் துணை நிற்கிறது. இரண்டாம் வருடத்திலிருந்து, வருடாந்த விடுமுறை தவிர, சுகயீனம் போன்ற காரணங்களுக்காக 7 நாட்கள் சம்பளத்துடன் லீவு உண்டு. முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருநாள். இது முதலாளி தரும் சலுகை அல்ல, உங்கள் உரிமை.

கூலி வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்களுக்கு அயல்தான் துணை. நாலைந்து பேர் சேர்ந்து கிழமைக்கு ஒரு சிறு தொகையைச் சேர்த்து வைக்கலாம். ஒருத்தி படுத்தால் இன்னொருத்தி அவள் பிள்ளைகளுக்கும் சேர்த்து உலை வைக்கலாம். மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள்.

வீட்டில் செய்யக் கூடியவை

கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த நீர், ரசம், சுடுகஞ்சி ஆகியன தொண்டைக்கு இதம். உப்பு நீரால் கொப்பளியுங்கள். வேது பிடிக்கும்போது கொதிநீர்ப் பானையைச் சிறுபிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கைகளைச் சவர்க்காரம் போட்டு அடிக்கடி கழுவுங்கள்.

500 மில்லிகிராம் பனடோல் வளர்ந்தவர்களுக்கு ஒரு தடவைக்கு இரண்டு குளிசை. ஆறு மணித்தியாலத்துக்கு முன் மீண்டும் எடுக்க வேண்டாம். ஒருநாளில் 8 குளிசைக்கு மேல் கூடவே கூடாது. சில தடிமன் குளிசைகளிலும் அதே மருந்து இருப்பதால் இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டாம். அன்ரிபயோட்டிக் மருந்து வைரசைக் கொல்லாது. வீட்டில் மிஞ்சிய குளிசைகளைத் தொடாதீர்கள்.

எப்போது வைத்தியசாலைக்குப் போவது?

தடிமன் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களில் மாறிவிடும். மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், கடும் காய்ச்சல் இரண்டு நாட்களுக்கு மேல் நின்றால் தாமதிக்க வேண்டாம். அது டெங்குவாகவும் இருக்கலாம். காய்ச்சலுக்கு அஸ்பிரின், புரூபன் போன்றவற்றை நீங்களாக எடுக்காதீர்கள். கர்ப்பிணிகளும், ஆஸ்த்மா, நீரிழிவு உள்ளவர்களும் முன்னதாகவே வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

பிள்ளைக்குத் தடிமன் என்றால் "படு, அம்மா கஞ்சி தாறன்" என்கிறோம். அடுத்த முறை அதே வார்த்தையை உங்களுக்கும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.