பேர் வெட்டின பிறகு என்ன? யாழ்ப்பாணத்து முதியோர் சங்கங்கள் மாதம்தோறும் செய்வது



தோட்டத்தில் ஒருவர் ஓய்வு பெறும்போது நாம் என்ன செய்கிறோம்? சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம் இவற்றுக்குப் பாரம் நிரப்புகிறோம். செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர் என்றிருந்தால் அதைத் திருத்த நாலு தடவை டவுனுக்கு அலைகிறோம். சில இடங்களில் மாலை போட்டு ஒரு டீ கொடுப்பார்கள். அத்தோடு சரி. மறுநாள் விடியக்காலை பெரட்டு நேரத்துக்குப் பழக்கத்தில் முழிப்பு வந்துவிடும். எழும்பி இஸ்தோப்பில் குந்தியிருந்து, மற்றவர்கள் மலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார் அந்த மனுசர். நலன்புரி வேலையில் இத்தனை வருசம் இருந்தும், அந்த மறுநாளுக்கென்று நம்மிடம் ஒரு வேலைத்திட்டமும் இருந்ததில்லை.

இந்த யோசனை எங்களுக்கு வந்தது யாழ்ப்பாணத்தில். நல்லூர்த் திருவிழாவுக்கு லீவு போட்டுக் குடும்பத்தோடு போயிருந்தபோது, வலிகாமம் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கினோம். சந்திக்குப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையம். யாழ்ப்பாணத்தில் இது இல்லாத ஊரைக் காண்பது அரிது. ஒரு சின்ன மண்டபம், முன்னால் விறாந்தை, ஒரு நீட்டு மேசை, அதில் அன்றைய பேப்பர்கள். ஊர்ப் பெரியவர்கள் காலையில் வந்து உதயனையும் வீரகேசரியையும் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஆளுக்கொரு தாளாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். மரண அறிவித்தல் பக்கத்துக்குத்தான் போட்டி. அன்றைக்கு இரண்டாம் சனிக்கிழமை. அந்த நிலையத்தில் முதியோர் சங்கக் கூட்டம் நடக்கும் நாளாம். “நீங்களும் இருங்கோ தம்பி, கோப்பி வரும்” என்றார்கள். இருந்தோம்.

கூட்டம் என்று சொன்னாலும் கூட்டம் அரை மணித்தியாலம்தான். தேவாரம் பாடி, போன மாதத்து அறிக்கையைச் செயலாளர் வாசித்து, வரவு செலவு சொல்லி முடித்துவிட்டார். பிறகுதான் உண்மையான அலுவல் தொடங்கியது. ஒரு தாதி பிரஷர் பார்த்து, விரலில் குத்திச் சீனி பார்த்து, ஆளுக்கொரு கொப்பியில் எழுதிக் கொடுத்தார். கொப்பியைச் சங்கமே வைத்திருக்கிறது. போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று பார்த்தவுடனே தெரியும். ஒரு மூலையில் கரம் போர்ட், இன்னொரு மூலையில் தாயம். பெண்கள் பக்கம் பன ஓலை இழைத்துக்கொண்டே ஊர்க் கதை. வராதவர்கள் யார் யார் என்று பேர் வாசித்து, “அவ ஏன் வரயில்லை? ஆர் போய்ப் பாக்கிறது?” என்று இரண்டு பேரை நியமித்தார்கள். எங்கள் மனதில் நின்றது இதுதான். ஒரு ஆள் வராவிட்டால் அன்றே வீட்டுக்குப் போய் விசாரிப்பது.

எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஆச்சி சொன்னார்: “எனக்கு நாலு பிள்ளையள். ஒருத்தரும் இஞ்ச இல்லை. ஒவ்வொரு நாளும் போனில கதைப்பினம். போன் வந்து எனக்கொரு கோப்பி போட்டுத் தருமோ?” யுத்த காலத்திலும் அதற்குப் பிறகும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கனடா, லண்டன், பிரான்ஸ் என்று போய்விட்டார்கள். ஐந்து அறை வீட்டில் ஒற்றை ஆள் விளக்கேற்றுகிற நிலைமை அங்கே.

நம்ம பக்கம் அப்படி இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். நம்ம லயத்தில் 10க்கு 12 அடி காம்பராவில் மூன்று தலைமுறை படுக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். மகன் கொழும்பில் கடையில், மருமகள் மலையில், பேரப்பிள்ளை ஸ்கூலில். பகல் முழுவதும் கிழவி தனியாள். இராத்திரி எல்லாரும் வந்துவிட்டால் அவளுக்குக் கால் நீட்ட இடம் இல்லை. அங்கே வீடு பெரிசு, ஆள் இல்லை. இங்கே ஆள் உண்டு, இடம் இல்லை. இரண்டு இடத்திலும் பெரியவர்களுக்கு வேண்டியது உட்கார ஒரு பொது இடமும், எதிர்பார்த்திருக்க ஒரு நாளும்தான்.

தோட்டத்தில் நமக்கு மரண சகாயச் சங்கம் இருக்கிறது. செத்தால் பெட்டி, பந்தல், கோப்பி எல்லாம் குறையில்லாமல் நடக்கும். உயிரோடு இருக்கிறவரை மாதம் ஒரு தடவை பார்க்கத்தான் சங்கம் இல்லை.

இனி அவர்கள் போகும் பயணங்களைப் பற்றிச் சொல்கிறோம். அந்தச் சங்கத்தில் வருசத்துக்கு மூன்று நாலு தடவை வெளியே போகிறார்கள். நாள் குறிக்கப் பஞ்சாங்கம் போதும். தையில் பொங்கல். பங்குனித் திங்களில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குப் போய்ப் பொங்குவது. ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா. ஆடி முதல் நாள் ஆடிப்பிறப்பு. அன்றைக்குப் பயணம் கிடையாது, நிலையத்திலேயே ஆடிக்கூழும் கொழுக்கட்டையும். அரிசிமா, தேங்காய்ப்பால், பனங்கட்டி, வறுத்த பயறு போட்டுக் காய்ச்சுவது அந்தக் கூழ். காய்ச்சுகிற பொறுப்பு பெரியவர்களுக்கு, குடிக்கிற பொறுப்பு ஊர்ப் பிள்ளைகளுக்கு. ஆவணியை ஒட்டி நல்லூர் 25 நாள் திருவிழா. தேர் அன்று நெரிசலில் பெரியவர்களைக் கூட்டிப் போவதில்லை, முதல் நாட்களில் காலைப் பூசைக்கே போய்த் திரும்பிவிடுகிறார்கள். புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வார். கரையோர ஊர்களில் கத்தோலிக்கப் பெரியவர்கள் ஆவணி 15இல், அதாவது ஓகஸ்ட் 15இல் மடு மாதா திருவிழாவுக்குப் போவார்கள். ஒக்டோபர் 1 முதியோர் தினம். ஐக்கிய நாடுகள் சபை 1990இல் தீர்மானித்து, 1991 முதல் உலகமெங்கும் கொண்டாடப்படும் நாள் அது. (மேலே ‘ஆவணி 15’ என்று எழுதியது எங்கள் ஊர்ப் பேச்சு வழக்கு. தமிழ் ஆவணி 15 என்று எண்ணிக் காலண்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள்!)

எல்லாவற்றிலும் பெரிய பயணம் ஆடி அமாவாசைக்குக் கீரிமலை. தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து தர்ப்பணம் செய்யும் நாள். கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும் கேணி. ஆண்களுக்கு வேறு, பெண்களுக்கு வேறு. மாவிட்டபுரம் கந்தசுவாமி தீர்த்தமாட வருவதும் அன்றுதான். இதில் இன்னொரு விசயமும் இருக்கிறது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் சனங்கள் இடம்பெயர்ந்தார்கள். பிறகு அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகி, காணிகள் வருசக்கணக்கில் மூடியிருந்தன. யுத்தம் 2009இல் முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டார்கள். 40 வயதில் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடிவந்தவர், 65, 70 வயதில்தான் தன் கிணற்றடியைத் திரும்பப் பார்த்தார். பஸ் அந்த வழியாகப் போகும்போது ஒரு பெரியவர் எழும்பி நின்று, “இதில ஒரு புளியமரம் நிண்டது” என்பாராம். பஸ்ஸை நிறுத்துவார்களாம். அட்டவணையில் இல்லாத நிறுத்தம்தான், ஆனாலும் ஒருவரும் முறைப்படுவதில்லையாம்.

ரயிலும் அப்படியே. யாழ்ப்பாணத்துக்கான ரயில் 1990இல் நின்றது. 2014 ஒக்டோபர் 13இல் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறை வரை பாதை திறந்தது. அந்தக் காலத்தில் அந்தச் சங்கத்தார் யாழ்ப்பாணத்தில் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கி, கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்களாம். செலவு டிக்கட் காசு மட்டும். “பேரப்பிள்ளையளுக்கு ரயில் காட்டப் போறம் எண்டு சொல்லித்தான் போனனாங்கள். யன்னல் பக்கம் எல்லாம் நாங்கள்தான்” என்று தலைவர் சிரித்தார்.

பயணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் ஒழுங்குகளைக் குறித்துக்கொண்டு வந்தோம். மூன்று பெரியவருக்கு ஒரு இளந்தாரி துணை. ஒவ்வொருவர் மருந்தும் பேர் எழுதிய பையில், அந்தப் பை துணைக்குப் போகிறவர் கையில். சீனி வருத்தக்காரர் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது, எனவே விரதகாரர் தவிர மற்றவர்களுக்குப் பஸ்ஸிலேயே இடியப்பம். கீரிமலையில் படி வழுக்கும், ஆகவே கேணியில் இறங்குவது கைபிடித்துத்தான். நயினாதீவுக்குக் குறிகட்டுவானில் வள்ளம் ஏற வேண்டும். வள்ளம் ஆடும்போது கால் வைக்கத் தெரியாதவர்களை நடுவில் விட்டு முன்னும் பின்னும் ஆள் நிற்கிறார்கள். கச்சான் காற்று பலமென்றால் அந்த மாதம் நயினாதீவு இல்லை.

மலசலகூடம் எங்கே என்று முதலே பார்த்து வைப்பது இன்னொன்று. இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஒரு தடவை தோட்டத்துப் பெரியவர்களை முன்னேஸ்வரம் கூட்டிப் போனோம். வாகனம், பூசைச் சாமான், சாப்பாடு எல்லாம் சரி. வழியில் எங்கே நிறுத்துவது என்று மட்டும் யோசிக்கவில்லை. மூன்று அம்மாமார் காலையிலிருந்து தண்ணியே குடிக்காமல் வந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் கோயில் வாசலில் மயங்கி விழுந்தார். பிழை எங்களுடையது. அவர்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காசு எப்படி? மாதச் சந்தா சின்னத் தொகை. பயணத்துக்குத் தனிச் சீட்டு. வெளிநாட்டுப் பிள்ளை ஒருவர் முழு பஸ் செலவையும் தருகிறேன் என்று சொன்னாராம். பாதியை மட்டும் வாங்கினார்கள். “முழுக்க அவர் தந்தா அது அவற்ற பயணம், எங்கட பயணம் இல்லை” என்பது தலைவரின் கருத்து. எங்களுக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இது தர்ம காரியம் மட்டுமில்லை, இதற்குச் சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி 60 வயது நிறைந்தவர் முதியோர். தேவைப்படும் பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடக் கூடாது. கைவிட்டால் பராமரிப்புக் கேட்டு முறையிட ஒரு சபையும் உண்டு. கிராம அலுவலர் பிரிவிலிருந்து பிரதேசம், மாவட்டம் என்று முதியோர் சங்கங்கள் அமைகின்றன. இவற்றைப் பதிகிற, வழிகாட்டுகிற உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் இருப்பார். முதியோர் அடையாள அட்டையும் அங்கேதான். பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் அதைக் காட்டி முன்னுரிமை கேட்கலாம். முதியோர் இல்லம் வேறு, முதியோர் சங்கம் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது, பார்க்க ஆளில்லாதவர்கள் அங்கே தங்குகிறார்கள். சங்கத்தில் சேர்ந்தால் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எங்கள் டிவிசனில் ஒரு பாட்டி பயந்து பேர் கொடுக்கவே மறுத்தார். அப்படி ஒன்றும் இல்லை. சங்கத்துக்கு வந்துவிட்டு உங்க வீட்டுக்குத்தான் போவீங்க.

யாழ்ப்பாணத்தில் சனசமூக நிலையங்கள் உள்ளூராட்சி சபையில் பதிந்து, பேப்பருக்கும் தளபாடத்துக்கும் உதவி பெறுகின்றன. நமக்கு இது ஏன் கிடைக்கவில்லை? தோட்டம் கம்பனிக் காணி. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக நின்றது. நாம் வாக்குப் போட்டோம், ரோட்டும் லைட்டும் கேட்டால் சட்டத்தைக் காட்டினார்கள். 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. ஆகவே இனிப் பிரதேச சபையிடம் கேட்க நமக்கு வாய் இருக்கிறது. கேட்பதற்கு ஒரு பதிந்த சங்கம் வேண்டும், தனி ஆள் போய் நின்றால் நடக்காது.

கட்டடம் இல்லையே என்பீர்கள். முதலில் கட்டடம் வேண்டாம். கோயில் மண்டபம் இருக்கிறது. பிள்ளைக் காம்பரா ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் கிடக்கிறது. நாட்டு நடப்புப் பேப்பர் இரண்டு, ஒரு கரம் போர்ட், ஒரு தாயக்கட்டை, டீத்தூளுக்கு நம்மிடம் பஞ்சமா! தோட்ட வைத்திய உதவியாளரோ குடும்பநல உத்தியோகத்தரோ மாதம் ஒரு மணித்தியாலம் வந்தால் பிரஷர் பார்த்துவிடலாம். பயணத்துக்கு எடுத்த எடுப்பில் யாழ்ப்பாணம் வேண்டாம். ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய சீதா எலியாவோ வேறு கோயிலோ போதும். பேரப்பிள்ளையைப் பார்க்கிறவர்கள் பிள்ளையோடேயே வரட்டும். அவர்களை விட்டுவிட்டு வா என்றால் ஒரு பாட்டியும் வரமாட்டார்.

எங்கள் டிவிசனில் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு என்று நாள் குறித்திருக்கிறோம். முதல் கூட்டத்துக்கு 11 பேர் வந்தார்கள், அதில் ஆண்கள் 2 பேர்தான். மற்ற ஆண்கள் ரோட்டோரத்தில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தாயக்கட்டையை வெளித்திண்ணையில் வைப்பதாக இருக்கிறோம்.

60 வயது நிறைந்தவர்கள் தேசிய அடையாள அட்டை, போட்டோ இரண்டோடு நலன்புரி ஆபீசுக்கு வாருங்கள். அடையாள அட்டை இல்லாதவர்களும் வாருங்கள், அதற்கான பாரத்தை முதலில் நிரப்புவோம். நடக்க முடியாதவர்கள் வீட்டுப் பிள்ளையிடம் லய நம்பரைச் சொல்லி அனுப்பினால் போதும், நாங்கள் வருகிறோம்.