அம்போசெலியின் மூத்த பெண் யானைகள்

கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் தேடுவது பெரும்பாலும் ஒரே காட்சியைத்தான்: முன்னால் யானைக் கூட்டம், பின்னால் கிளிமஞ்சாரோ. எல்லை தாண்டி தான்சானியாவில் நிற்கும் அந்த 5,895 மீட்டர் மலை விடியற்காலையில் துலக்கமாகத் தெரியும். வெயில் ஏறினால் பெரும்பாலும் மேகம் மூடிவிடும்.

புழுதி பறக்கும் இந்த வறண்ட சமவெளியின் நடுவே வற்றாத சதுப்பு நிலங்கள் இருக்கின்றன. கிளிமஞ்சாரோவின் காடுகளில் பெய்யும் மழை எரிமலைப் பாறைகளுக்குள் இறங்கி, நிலத்தடியில் ஊர்ந்து, இங்கே ஊற்றாக வெளிவருகிறது. கடைவாய்ப் பற்கள் தேய்ந்துபோன கிழ யானைகளுக்குச் சதுப்பின் மென்மையான புல்தான் கடைசிக்கால உணவு.

காலையில் கூட்டங்கள் வரிசையாகச் சதுப்புக்கு வரும். பெரிய கொம்பனைத் தேடிக் கண்ணை ஓட்டாதீர்கள். இங்கே பெண்ணுக்கும் தந்தம் உண்டு. குடும்பத்தை நடத்துவதும் மூத்த பெண்தான். ஆண்கள் பருவம் வந்ததும் பிரிந்து போய்விடும்.

1972இல் யானை ஆய்வாளர் சிந்தியா மாஸ் இங்கே ஆய்வைத் தொடங்கினார். காதோரக் கிழிசல்களையும் துளைகளையும் வைத்து ஒவ்வொரு யானையையும் அடையாளம் கண்டு, பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்தார்கள். எந்த யானைக்கு என்ன வயது என்று தெரிந்திருந்ததால்தான் ஆய்வாளர் கேரன் மெக்கோம்ப் குழுவினரால் பின்னாளில் ஒரு சோதனை செய்ய முடிந்தது. சிங்கத்தின் கர்ஜனையை ஒலிபெருக்கியில் கேட்கச் செய்தார்கள். ஆண் சிங்கத்தின் குரலில் கூடுதல் ஆபத்து இருப்பதை, வயதான தலைவிகளே சரியாகக் கணித்தன. 2014இல் வெளியான இவர்களின் இன்னோர் ஆய்வு இன்னும் வியப்பானது: மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் நடக்கும் மோதலில் சிலசமயம் ஈட்டி எறியும் மாசாய் இன ஆண்களின் குரல் கேட்டால் யானைகள் நெருங்கிக் கூடி விலகின, கம்பா இன ஆண்களின் குரலுக்கு அவ்வளவு அஞ்சவில்லை.

ஆகவே மூத்த யானை ஒன்று செத்தால், குடும்பம் இழப்பது ஓர் உறுப்பினரை மட்டுமல்ல. 2009 வறட்சியில் இப்படிப் பல தலைவிகள் மடிந்தன.

மாலையில் கூட்டங்கள் பூங்காவை விட்டு மாசாய் மேய்ச்சல் நிலங்களுக்குப் போய்விடும். பூங்காவின் பரப்பு 392 சதுர கிலோமீட்டர்தான். யானைக்கு அது போதாது. கிழக்கே கிமானா வழியாகச் சியூலு மலைகளுக்குப் போகும் யானைத் தடமோ, வேலிகளுக்கும் விளைநிலங்களுக்கும் இடையே குறுகிக்கொண்டே வருகிறது.