உங்களுக்குத் தெரியுமா? தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின்

● நம் தசைச் செல்களுக்குள் ஆக்டின் இழைகளால் ஆன ஓர் உள்சட்டகம் இருக்கிறது. அதைச் செல்லின் வெளிச்சவ்வோடு பிணைத்து வைக்கும் புரதம்தான் டிஸ்ட்ரோபின். தசையின் மொத்தப் புரதத்தில் இதன் பங்கு சுமார் 0.002 சதவீதம்!

● அந்தத் துளி இல்லாவிட்டால், தசை சுருங்கி விரியும்போதெல்லாம் சவ்வு கீறல் விடும். கால்சியம் உள்ளே பாயும். கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் கசியும். செல்கள் மடிய மடிய, அந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்ளும். இதுவே டுஷேன் தசைச்சிதைவு நோய். பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்கும். பின்னாளில் இதயத்தையும் விடாது.

● காக்ஸாக்கி பி வைரஸ் இதயத் தசைக்குள் நுழைந்தால், தன் நொதியால் டிஸ்ட்ரோபினை வெட்டிவிடும். மரபணுவில் குறையே இல்லாதவருக்கும் இதயம் பலவீனமாக இது ஒரு காரணம்.

● டிஸ்ட்ரோபினுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. 22 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட இதைச் செல் ஒருமுறை படியெடுக்கவே சுமார் 16 மணி நேரம் ஆகும். பாஸ்டனில் லூயிஸ் குன்கெல் குழுவினர் 1986இல் மரபணுவையும், மறு ஆண்டு புரதத்தையும் கண்டறிந்தார்கள். இவ்வளவு நீளமான மரபணுவில் பிழை புதிதாகவும் விழும். டுஷேன் நோயுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது வருவது அப்படித்தான். தாயிடம் அந்தப் பிழையே இருக்காது. இருந்தாலும் அது அவர் குற்றமா? தாயைக் குறைசொல்வது பெரும் அநியாயம்.

● மரபணுவில் எவ்வளவு பகுதி விடுபட்டுப் போயிற்று என்பதைவிட, எப்படிப் போயிற்று என்பதே முக்கியம். செல் அதை மும்மூன்று எழுத்தாகப் படிக்கிறது. அந்த வரிசை கலைந்தால் புரதமே உருவாகாது. கலையாமல் நடுவில் ஒரு துண்டு போனால், குட்டையான புரதம் உருவாகி ஓரளவு வேலை செய்யும். இது பெக்கர் வகைத் தசைச்சிதைவு, பாதிப்பு குறைவு. புரதத்தில் 46 சதவீதம் இல்லாத ஒருவர் 61 வயதிலும் நடந்தார் என்பது மருத்துவ உலகில் பதிவான செய்தி. கலைந்த வரிசையைச் சீராக்கும் மருந்து ஒன்றுக்கு அமெரிக்கா 2016இல் அனுமதி தந்தது. ஆனால் முழுக் குணம் தரும் மருந்து இன்னும் வரவில்லை.

● தரையில் உட்கார்ந்த சிறுவன் எழும்போது முழங்காலில் கை ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றித் தன் உடம்பின்மேலேயே ஏறுவதுபோல எழுகிறானா? மாடிப்படி ஏறத் திணறுகிறானா? கெண்டைக்கால் பருத்திருக்கிறதா? இவை டுஷேன் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். ‘நல்ல திடகாத்திரமான கால்’ என்று இருந்துவிடாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டி, கிரியேட்டின் கைனேஸ் ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.